எலுமிச்சைக் கன்றைச் சுற்றிச் சின்ன வெங்காயம்

எலுமிச்சை, கொய்யா வைத்த முதல் இரண்டு மூன்று வருடம் கன்றைச் சுற்றி இடம் சும்மாதான் கிடக்கும். அங்கே சின்ன வெங்காயம் ஊன்றலாம். அதன் வேர் மேலாகவே ஓடும் என்பதால் கன்றுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. தண்டிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, மண்ணைச் சற்று மேடாக்கி, 10 செ.மீ. இடைவெளியில் விதை வெங்காயத்தை நடுங்கள். தண்டையொட்டி ஈரம் நின்றால் எலுமிச்சைக்கு அடியழுகல் வரும், அதனால்தான் இந்தத் தூரம்.

வெங்காய வாடைக்கு, இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அண்டாது என்பார்கள். ஓரளவு உதவலாம், அதை நம்பி இலையைத் திருப்பிப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். ஏறக்குறைய 70 நாளில் தாள் சாய்ந்ததும், கொத்தாமல் கையால் பிடுங்குங்கள். பூண்டு? சமவெளிச் சூட்டில் சரியாகத் திரளாது, அது கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்துக்குத்தான் சரி. மரம் நிழல் கட்டிய பிறகு வெங்காயமும் திரளாது. அப்புறம் மஞ்சளுக்கு மாறிவிடலாம்.