கரண்ட் போனால் சோலாரும் போகும், வாங்கும் முன் கவனிக்க

மாடியில் பேனல் இருந்தால் கரண்ட் கட்டானாலும் ஃபேன் ஓடும் என்று நினைத்தே பலர் வாங்குகிறார்கள். சாதாரண ஆன்-கிரிட் சோலார், அதாவது மின்வாரிய லைனோடு இணைத்து பேட்டரி இல்லாமல் ஓடுவது, அப்படி ஓடாது. லைன் சப்ளை நின்றதும், பேனல் கரண்ட் லைனுக்குள் போய் கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. பேக்கப் வேண்டுமென்றால் லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்ய கர் மானியம் (3 கிலோவாட்டுக்கு ரூ.78,000) பேனலின் அளவை வைத்துத்தான், பேட்டரிக்குத் தனியாக எதுவும் கிடையாது.

பேட்டரி எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே கணக்குப் போடுங்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) என்றால், இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-அவர். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் கையில் இருப்பது 900தான். பழைய 75 வாட் ஃபேன் மூன்று, நாலு எல்இடி பல்பு, வைஃபை ரூட்டர் எல்லாம் சேர்த்தால் 275 வாட் வரும், மூன்று மணி நேரம் ஓடினாலே பெரிசு. அதே ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசியாக (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன்) மாற்றினால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும், இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட இதுதான் மலிவு என்பேன். லித்தியம் என்றால் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், விலைதான் கூட.

மோட்டாரையும் ஏசியையும் பேக்கப் லைனில் சேர்க்கச் சொல்லாதீர்கள். அப்புறம், பேனல் தெற்குப் பார்த்து இருக்கட்டும், தண்ணீர் டேங்க் நிழல் மாலை நாலு மணிக்கு எங்கே விழுகிறது என்று மாடியேறிப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.