பாகியங்கல குகைக்குப் போனால் எதைப் பார்ப்பது?

இலங்கையில் களுத்துறை மாவட்டத்துப் புலத்சிங்கள பக்கம் இருக்கும் பாகியங்கல குகைக்குப் போகிறீர்கள் என்றால், முதலில் சீனத் துறவி பாகியன் கதையை ஓரமாக வையுங்கள், அவர் அங்கே தங்கினார் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை.

படியேறிப் போனதும் எல்லோரும் சயன புத்தர் முன்னால் நின்றுவிடுவார்கள். நீங்களும் கும்பிடுங்கள், அப்புறம் தரையைப் பாருங்கள். விஷயமே அந்த மண்ணில்தான் புதைந்திருந்தது: சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இங்கே இருந்த தடயங்கள்.

சரி, அதை எப்படி வாசிப்பது? குகைக்குள் குரங்கு எலும்பு கிடந்தால் சிறுத்தைகூட இழுத்து வந்திருக்கலாம், அதனால் வெட்டுத் தழும்பும் தீயில் கருகிய அடையாளமும் இருக்கிறதா என்று தேட வேண்டும். இங்கே இரண்டும் இருந்தன. எலும்பைச் சீவிச் செய்த சின்ன முனைகளில் எதிலோ வேகமாக மோதி உடைந்த தடம் தெரிந்ததால்தான் அவை அம்பு முனைகள் என்கிறார்கள். மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் அணிலையும் வேறு எப்படிப் பிடிப்பதாம்! கடற்சிப்பி மணிகளும் கிடைத்தன, அப்படியானால் கரையோரத்தோடு தொடர்பு இருந்திருக்கிறது.

காலடியில் அந்தக் கால மனிதர் கருவிக்காகச் செதுக்கிய படிகக்கல் (குவார்ட்ஸ்) சில்லு தென்பட்டால் எடுக்காதீர்கள், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் கல்தான்.