பாலிமர் நானோ துகள்: படத்தில் ஒளிர்வது துகளா, சாயமா?

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பேசுவது களி கிண்டுவதைப் பற்றித்தான். துடுப்பு நின்றால் ராகி மாவு கட்டி தட்டிவிடும். உடலுக்குள் ஏற்றிப் படம் எடுப்பதற்கான ஒளிரும் பாலிமர் நானோ துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய பாலிமர் மணியை, செய்வதிலும் அதே கதை. பாலிமரையும் ஒளிரும் சாயத்தையும் டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற, தண்ணீரோடு கலக்கும் கரைப்பான் திரவத்தில் நீர்க்கக் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீரில் ஒரே மூச்சில் செலுத்த வேண்டும். கெட்டிக் கரைசலை நிதானமாகச் சொட்டவிட்டால் குடுவையில் திப்பிதான் மிஞ்சும்.

சாயம் இப்படி ஒளிர்வதை ஃப்ளோரசன்ஸ் என்பார்கள். "ஃப்ளோரசன்ஸ்னா நம்ம ஊர்த் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பெயரில் உறவு உண்டு: 1852-இல் விஞ்ஞானி ஸ்டோக்ஸ் இந்தப் பெயரை வைத்தது ஃப்ளோர்ஸ்பார் கல்லை வைத்து, அது கால்சியம் ஃப்ளோரைடு. தண்ணீரிலிருக்கும் ஃப்ளோரைடு ஒளிராது. போர்வெல் தண்ணீரின் உப்பு வேறு விதத்தில் தொல்லை தரும்: மின்னூட்டத்தால் விலகி நிற்கும் துகள்கள் உப்பில் ஒட்டிக்கொள்ளும். ரத்தமும் உப்புநீர்தானே? அதனால் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் துகளின் பருமனை அளந்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். சீரத்திலும் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

பெரிய தவறு சாயக் கசிவில்தான். துகளை உள்ளே நிறுத்தி, கசிந்த சாயத்தை மட்டும் வெளியே விடும் நுண்துளை டயாலிசிஸ் பையைத் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள், மறுநாள் வெளித் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, "கசியவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் பிடிக்காத சாயம் தண்ணீருக்கு ஏன் போகும்? ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. அது சாயத்தை இழுத்துக்கொள்ளும். துகள் ஒரு பக்கம், ஒளி ஒரு பக்கம் என்றாகிவிடும். சோதனையை ஆல்புமின் கலந்த நீரில் செய்யுங்கள்.

அப்புறம், எலியின் கல்லீரல் ஒளிர்ந்தால் துகள் சேர்ந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். மருத்துவர்கள் 1950-களிலிருந்தே பயன்படுத்தும் இண்டோசயனைன் கிரீன் சாயத்தைத் தனியாக ஏற்றினாலும் கல்லீரல்தான் ஒளிரும். அதே அளவு தனிச் சாயம் ஏற்றிய எலி ஒன்று, எதுவும் ஏற்றாத எலி ஒன்று, இரண்டும் பக்கத்தில் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.

எதுவும் ஏற்றாத எலியின் வயிறே சிவப்பாக ஒளிர்ந்தால்? தீவன மூட்டையைப் பாருங்கள். மாட்டுக்குப் போடுகிறோமே குதிரை மசால், அது கலந்திருக்கும். அதன் பச்சையம் 670 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். படம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே தீவனத்தை மாற்றுங்கள்.