டிஐ-84-இல் ஒரு எண் விளையாட்டு

டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரில் என் மகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த நிரல் இதுதான்: கால்குலேட்டர் ஒளித்துவைக்கும் எண்ணை ஊகித்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பிஆர்ஜிஎம் பொத்தான், அப்புறம் நியூ. எட்டு எழுத்துக்குள் பெயர். கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடித்தால் வேலைக்காகாது, மெனுவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மேத் மெனுவில், 1 முதல் 100 வரை ஏதோ ஒரு எண்ணைத் தரும் ராண்ட்இன்ட்(1,100) எடுத்து, எஸ்டிஓ பொத்தானால் என்-இல் சேமியுங்கள். அடுத்து ரிப்பீட் ஜி=என்; அதாவது ஜி-யும் என்-னும் சமமாகும்வரை திரும்பத் திரும்பச் செய். அதற்குள், ஊகிக்கும் எண்ணை வாங்க இன்புட் ஜி. ஜி சிறியதென்றால் 'மேலே', பெரியதென்றால் 'கீழே' என்று திரையில் காட்ட டிஸ்ப். தமிழ் எழுத்து வராது, 'எம்இஎல்இ' என்று ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்! கடைசியில் எண்ட்.

ரிப்பீட்டுக்குப் பதில், அதுபோலவே சுற்றவைக்கும் வைல் கட்டளையைப் போடாதீர்கள். அது நிபந்தனையை முதலிலேயே பார்க்கும். ஜி-இல் பழைய ஆட்டத்தின் எண் கிடந்து, அதுவே விடையாக அமைந்துவிட்டால் ஆட்டம் தொடங்காமலே முடியும். ரிப்பீட் ஒரு சுற்று முடிந்த பிறகே பார்க்கும்.

வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு ஏ, பி என்று இரண்டு எண்கள்; ஊகத்துக்குப் பதில் சி-இல் பெருக்கல் விடையை வாங்கி, ரிப்பீட் சி=ஏபி (ஏ பெருக்கல் பி). சலித்தால் ஆன் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம்.