ஊரில் கோட்டு தைக்கப் போகிறீர்களா? முதல் நாளே டெய்லர் கடைக்குப் போங்கள்

அக்கா மகன் கல்யாணத்துக்காக பர்மிங்ஹாமிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் காவேரிப்பட்டினம் போயிருந்தேன். கையில் பதினொரு நாள். பங்காளி வீடு, குலதெய்வம், பத்திரிகை வைப்பது என்று முதல் நாலு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள்தான் மாப்பிள்ளைக்குக் கோட்டுத் துணி எடுத்தோம். ஆறாம் நாள் அளவு கொடுத்தோம். வரவேற்பு அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கோட்டு வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தால் தோள் இரண்டும் கைப்பக்கம் வழிந்து கிடக்கிறது, கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைகிறது. திருத்த நேரமில்லை. அதோடுதான் மேடை ஏறினான். ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அந்தத் தோள்தான் கண்ணில் படுகிறது. தைத்தவர் கைத்தொழில் தெரியாதவர் இல்லை. டிரையல் பார்க்க அவருக்கு நாங்கள் நாளே விடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை ஊரில் கோட்டு தைத்துவிட்டேன். எனக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று. மூன்றும் உடம்பில் பொருந்தி உட்கார்ந்தன. நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். ஊர் சேர்ந்த மறுநாள் காலையிலேயே அளவு கொடுத்துவிட்டு, இரண்டு டிரையலுக்கு நாள் குறித்துக்கொண்டேன். சட்டைக்கு அளவு மட்டும் போதும். கோட்டை ஆள்மேல் போட்டுப் பார்த்துத்தான் முடிக்க முடியும்.

எப்போது போகலாம்

பதினொரு நாளுக்குக் குறைவாக இருந்தால் புதுக் கோட்டு தைக்க நினைக்காதீர்கள். பதினைந்து நாள் இருந்தால் நிம்மதி. அளவு கொடுத்து ஐந்தாறு நாளில் முதல் டிரையல், அதிலிருந்து நாலைந்து நாளில் இரண்டாவது, பிறகு முடித்து வாங்க இரண்டு நாள்.

மாதமும் முக்கியம். மே, ஜூனில் பள்ளிக்கூடச் சீருடை குவிந்திருக்கும். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே பல கடைகளில் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று எழுதி மாட்டிவிடுவார்கள். அந்த நாளில் போய் நின்று, தெரிந்தவர் என்பதற்காக வாங்கிக்கொண்டாலும், கோட்டுக்குத் தர வேண்டிய கவனத்தை யாராலும் தர முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களுக்கு வாகான மாதம் ஆடி. பிள்ளைகளுக்கு அங்கே கோடை விடுமுறை, இங்கே கல்யாணம் இல்லாத மாதம், டெய்லர் மாஸ்டருக்குக் கை ஓய்வு. ஆவணி முகூர்த்தத்துக்குக் கோட்டு வேண்டுமென்றால் ஆடிப்பெருக்குக்குள் அளவு கொடுத்துவிடுங்கள்.

பெரும்பாலோர் பெங்களூரில்தான் இறங்குவோம். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில், நம் ஊர்கள் தெற்கே. நகரைக் கடந்து ஓசூர் வழியாக வர வேண்டும். ‘வழியில்தானே, பெங்களூரிலேயே அளவு கொடுத்துவிடலாம்’ என்று தோன்றும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கோட்டுக்கென்றே பேர் வாங்கிய கடைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து இன்னும் 45, 50 கூட. கல்யாண வேலைக்கு நடுவில் இரண்டு டிரையலுக்கு அவ்வளவு தூரம் போய்வர யாருக்கு முடியும்? முதல் டிரையலைத் தள்ளிப்போடுவோம், இரண்டாவதை விட்டேவிடுவோம். துணியைப் பெங்களூரிலோ சேலத்திலோ எடுங்கள், நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே கொண்டு வந்தாலும் சரி. டெய்லர் மட்டும் நீங்கள் தங்கும் ஊரில் இருக்கட்டும்.

மாஸ்டரைத் தேடுவது

சட்டை பேண்ட் அருமையாகத் தைக்கிறவர் எல்லாம் கோட்டு தைக்கிறவர் இல்லை. கோட்டு தனித் தொழில். சின்ன ஊர்க் கடைகள் பலவற்றில் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, கோட்டை வேறு ஊரிலோ வேறு ஆளிடமோ கொடுத்து வாங்கித் தருவார்கள். அது தப்பு இல்லை. ஆனால் அளவெடுத்த கண் ஒருவருடையது, வெட்டும் கை இன்னொருவருடையது என்றால் உங்கள் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருப்பது வெட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை.

“அண்ணா, கோட்டு இங்கயே தைக்கிறீங்களா, வெளிய குடுத்து வாங்குறீங்களா?”

“கட்டிங் நான்தான் சார் பண்றேன். தைக்கிறது பின்னாடி ரூம்ல.”

இந்தப் பதில் வந்தால் உட்காருங்கள். தைத்து முடித்துத் தொங்கும் கோட்டு ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கடைசிப் பட்டனுக்குக் கீழே துணியை முன்னும் பின்னும் விரலால் பிடித்து விலக்கிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நகர்ந்தால் உள்ளே கேன்வாஸ் (கோட்டின் முன்பக்கம் தொய்யாமல் நிற்க வைக்கும் உள்துணி) வைத்துத் தைத்திருக்கிறார். நகராமல் துணியோடு ஒட்டியிருந்தால் அங்கே இருப்பது பசை கேன்வாஸ், இஸ்திரிச் சூட்டில் ஒட்டியது. விலை குறைவு, ஒரு கல்யாணத்துக்குத் தாங்கும். நாலைந்து முறை டிரை கிளீனிங் போன பிறகு மார்பில் கொப்புளம் போல் எழும்ப வாய்ப்பு உண்டு. மார்புக்கு மட்டுமாவது கேன்வாஸ் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கூலி கூடும், கொடுங்கள்.

யாரிடம் விசாரிப்பது? சித்தப்பா, மாமாவிடம் கேட்டால் அவர்களுக்குச் சட்டை தைப்பவரைத்தான் சொல்வார்கள். வக்கீல்களிடம் கேளுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. வேலை நாளெல்லாம் கறுப்புக் கோட்டு போடுகிறவர்கள் அவர்கள். எந்த டெய்லரின் தோள் வருஷம் போனாலும் தொய்யாது, யார் சொன்ன நாளில் தருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். சொந்தத்தில் ஒரு வக்கீலாவது இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு. எனக்கு இப்போதைய மாஸ்டர் கிடைத்தது அப்படித்தான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பாய். முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் கோட்டு தைத்த கை.

துணி

கோட்டும் பேண்ட்டும் சேர்ந்த இரண்டு பீஸ் சூட்டுக்கு, 58 அங்குல அகலத் துணி 3 முதல் 3.25 மீட்டர் வேண்டும். கை இல்லாத உள்கோட்டும் (வெய்ஸ்ட்கோட்) சேர்த்தால் 3.5 முதல் 3.75. உயரமோ பருமனோ கூடினால் மாஸ்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கம்பளி என்றதும் ‘நம் வெயிலில் கம்பளியா’ என்பார்கள் வீட்டில். மெல்லிய உல்லன் துணி, மீட்டருக்கு 240 முதல் 270 கிராம் எடையுள்ளது, காற்றை விடும். பாலியஸ்டர் கலந்தது அவ்வளவு விடாது. கல்யாண மண்டபத்தில் வீடியோ லைட்டுக்கு எதிரே மூன்று மணி நேரம் நிற்கும் மாப்பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கடையில் ‘உல்லன்’ என்று சொல்லிக் கொடுப்பது முழுக் கம்பளியா என்று பார்க்க, ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி வாங்கி வெளியே வந்து கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் இருக்கிறது. துணி ஓரத்தில் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று அச்சடித்திருக்கும். எண் கூடக் கூட நூல் மெலிசு, சுருக்கமும் சீக்கிரம் விழும். 120க்கு மேல் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

நிறத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கருநீலம், கரும்சாம்பல். இரண்டும் ஊர் வரவேற்புக்கும் ஆகும், அங்கே வேலைக்கான நேர்காணலுக்கும் ஆகும்.

அளவு கொடுக்கும்போது

கோட்டுக்குள் போடப்போகும் சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். செருப்போடு போய் அளவு கொடுத்தால் பேண்ட் நீளம் தப்பும். பையில் இருக்கும் போன், பர்ஸ், சாவி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்காதீர்கள். மேடையில் அப்படி நிற்க முடியாது. உங்களிடம் நன்றாகப் பொருந்தும் பழைய கோட்டு இருந்தால் கொண்டு போங்கள். வாயால் சொல்வதை விட அது மாஸ்டருக்கு நன்றாகப் புரியும்.

நம் பக்க மாஸ்டர்களுக்குப் பொதுவாக லூசு விட்டுத் தைக்கிற பழக்கம் உண்டு. ஆள் பருமன் போட்டாலும் பத்து வருஷம் போடட்டும் என்ற அக்கறைதான். “உள்ள துணி நிறைய விட்டு வைங்க மாஸ்டர், பின்னாடி பிரிச்சுக்கலாம். வெளிய மட்டும் உடம்போட இருக்கட்டும்” என்று சொன்னால் இரண்டு பேருக்கும் நிறைவு.

தையல் கூலியில் லைனிங், பட்டன், கேன்வாஸ் சேர்ந்ததா தனியா என்று அப்போதே கேட்டு, டிரையல் தேதி இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். துணி பிட் ஒன்றைப் பில்லில் பின் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்குப் பணமாகவே வைத்திருங்கள். வெளிநாட்டு கார்டு எல்லாக் கடையிலும் செல்லாது. கூலியில் பேரம் பேச வேண்டாம் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். ஒரு கோட்டுக்குள் எத்தனை மணி நேரக் கைவேலை இருக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

டிரையல்

முதல் டிரையலில் கோட்டு வெள்ளை நூலோட்டத்தில் இருக்கும், பார்க்க அரைகுறையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். முழுக்கத் தைத்து முடித்துக் கையில் கொடுத்து ‘டிரையல்’ என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் தோளைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் முடிய வேண்டும். சுவரோரமாக நின்று பக்கவாட்டில் சாய்ந்தால் கைக்கு முன்னால் தோள் பஞ்சு இடிக்கிறது என்றால் அகலம் கூடிவிட்டது. மற்றதைப் பிறகு சரிசெய்யலாம், தோளைத் தைத்து முடித்த பிறகு சரிசெய்வது கிட்டத்தட்டப் புதிதாகத் தைப்பது போல. அடுத்து கழுத்து. கோட்டுக் காலர் சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தலையைத் திருப்பினாலும். காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்தால் மாஸ்டரிடம் காட்டுங்கள், அவர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். பட்டன் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி போலச் சுருக்கம் இழுத்தால் பிடிப்பு அதிகம். கை நீளம், சட்டைக் கையின் ஓரம் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை வெளியே தெரியும் அளவு. கைக்குழி மேலேறி இருந்தால்தான் கை தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே எழும்பாது. இதை மட்டும் கூச்சப்படாமல் சொல்லிச் செய்து வாங்குங்கள்.

நம் கல்யாணத்துக்கென்று இன்னும் சில சோதனை உண்டு. கண்ணாடி முன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுங்கள். பிறகு குனிந்து காலில் விழுவது போல மண்டியிடுங்கள். தாத்தா பாட்டி, மாமனார் மாமியார் என்று மாப்பிள்ளை அன்று எத்தனை முறை விழுவான்! காலிடைத் தையலில் இடம் இல்லாவிட்டால் அங்கேதான் பிரியும். பந்தியில் உட்காருவது போல உட்காருங்கள். வரவேற்பில் ரோஜா மாலை கனமாக மார்பில் கிடக்கும். தோளும் காலரும் அந்தப் பாரத்தில் பின்னுக்கு இழுபடுகிறதா என்று பார்க்க, வீட்டிலிருந்து ஒரு பழைய மாலையைக் கொண்டு போய்ப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பாய் சிரித்தார், ஆனால் கழுத்துப் பக்கம் ஒரு தையலை மாற்றினார்.

நாள் போதாதவர்களுக்கு

ஒரு வாரம்தான் லீவு என்றால் ரெடிமேட் எடுங்கள். தோள் சரியாக இருப்பதை மட்டும் எடுங்கள், இடுப்பு, கை, பேண்ட் நீளம் மூன்றையும் ஊர் மாஸ்டர் இரண்டு நாளில் பிடித்துக் கொடுப்பார். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே கோட்டை எடுத்து வந்து இங்கே ஆல்டரேஷன் மட்டும் செய்வதும் நல்ல வழி. கைப்பட்டன் காஜா திறந்து தைத்த கோட்டாக இருந்தால் மட்டும் கை நீளம் குறைப்பது சிரமம், எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை வாங்கி வரும் அன்று, மாஸ்டரின் அளவு நோட்டில் உங்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத் துணியையும் இரண்டு பட்டனையும் கேட்டு வாங்குங்கள். எங்கேயாவது ஆணியில் மாட்டிக் கிழிந்தால் அதே துணி வெளிநாட்டில் கிடைக்காது. பெட்டியில் வைக்கும்போது ஒரு தோளை உள்பக்கமாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, லைனிங் வெளியே இருக்கும்படி மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். மாம்பழக் காலத்தில் வந்திருந்தால் கோட்டையும் பழத்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.