காதில் விழுவதை வைத்துப் பெயருக்குப் பொருள் சொல்லாதீர்கள்

சிங்கப்பூரின் தோபி காட் ரயில் நிலையத்தில் ஒரு தாத்தா, "முன்பு இங்கே பெரிய காடு இருந்தது, அதனால்தான் இந்தப் பெயர்" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தக் 'காட்' நம் காடு அன்று, இந்தியில் படித்துறை. தோபி என்றால் துணி வெளுப்பவர். இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாக இருக்கும் ஓடையில் துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தியவர்களின் பெயர் அது. காடு என்று சொன்னால் அவர்களை அங்கிருந்து அழித்துவிடுகிறோம்.

ஓசையை நம்புவதே முதல் தவறு. இந்தியர்களைக் குறித்த 'கிளிங்' என்ற பழைய சொல், இந்தியக் கைதிகளின் கால் சங்கிலி ஒலியிலிருந்து பிறந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கைதிகள் சிங்கப்பூரில் வந்திறங்கியது 1825இல். அந்தச் சொல்லின் மலாய் வடிவமான 'கெலிங்' அதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் முந்திய மலாய் ஏடுகளிலேயே இருக்கிறது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரே அதன் வேர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பின்னாளில் அது வசையாக மாறியது உண்மை. அந்த வலிக்காகப் பொய்யான பிறப்புக் கதையை ஏற்க வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்குக் கதை கேட்டால், அந்தச் சொல் எப்போதிருந்து புழங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

இன்றைய பொருளைப் பழைய சொல்லின்மேல் ஏற்றுவதும் தவறுதான். ராவுத்தர் என்றதும் முஸ்லிம் குடும்பங்களை மட்டுமே நினைக்கிறோம். அந்தச் சொல்லுக்குக் குதிரை வீரர் என்று பொருள். மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் 'இராவுத்தனே' என்று அழைக்கிறார்! கங்காணியை மலாய்ச் சொல் என்று நினைப்பவர்களும் உண்டு. அது நம் 'கண்காணி'. 'பியூன்' என்ற சொல்லோ போர்த்துகீசியரின் காலாள் வீரனைக் குறித்தது.

பாட்டன் பூட்டனைத் தேடுபவர்களுக்கு ஒன்று. பதிவேட்டில் குடும்பப் பெயர்போல் இருப்பது நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தந்தையின் பெயர்; அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். எழுத்துக்கூட்டலையும் நம்பாதீர்கள். எழுதியவரின் காதில் விழுந்தபடி மரைக்காயர் என்ற பெயர் ஓரிடத்தில் மரிக்கார், இன்னோரிடத்தில் மரிக்கன். ஒன்றை மட்டும் தேடினால், ஒரு தாய் வயிற்று அண்ணனும் தம்பியும் ஏட்டில் அந்நியர்களாகவே நிற்பார்கள்.