சிப்பிக் காளான் படுக்கை: ஈரத்தில் நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் சிப்பிக் காளான் போட்டு முதல் முறையே கெட்டுப்போனால், வித்து (வைக்கோலில் இடும் காளான் விதை) சரியில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். வைக்கோலையும் வித்தையும் அடைத்துக் கட்டும் பிளாஸ்டிக் பைதான் படுக்கை; நான் பிரித்துப் பார்த்த பைகளில் வித்தைவிட வைக்கோலின் ஈரம்தான் அதிகம் கெடுத்திருந்தது. வைக்கோலுக்கு வேண்டிய தண்ணீரைப் பை கட்டும் முன்பே சரிபார்த்துவிட வேண்டும். வித்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் காளான் இழை பை முழுதும் பரவி முடியும்வரை அதைத் திருத்த வழியே இல்லை.

பெரிய தவறு அவசரம். 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, அரை மணி, முக்கால் மணி வேகவைத்த வைக்கோலில் சூடு ஆறியதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடைத்துவிடுகிறோம். நீர் வடிந்ததா என்று பார்ப்பதில்லை. சில நாளில் பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கும். அங்கே காற்றில்லை, காளான் இழைக்கோ மூச்சு வேண்டும். மேலிருந்து வெள்ளையாக இறங்கி வந்த இழை, அடியில் நான்கு விரல் உயரம் இருக்கும்போதே நின்றுவிடும். பையை மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை வரும். பிறகு பச்சைப் பூசணம் ஏறும்; அல்லது மெல்லிய காம்புள்ள குடைக்காளான் முளைத்து, கறுப்பு மையாகக் கரைந்து ஒழுகும்.

வேண்டியது 60 முதல் 65 சதவீத ஈரம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் மட்டும் ஈரம் தெரிய வேண்டும். இந்தச் சோதனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் காற்றுப்பட்டு உலர்ந்த மேல் வைக்கோலை அள்ளிப் பிழிந்துவிட்டு, சொதசொதவென்று கிடக்கும் அடி வைக்கோலையும் சேர்த்துப் பையில் போட்டுவிடுகிறோம். குவியலைப் புரட்டி அடியிலிருந்து எடுங்கள். ஒரு துண்டை நகத்தால் பிளந்து பாருங்கள்: வெளியே நீர்ப்பளபளப்பு இருக்கக் கூடாது, உள்ளே குளிர்ச்சியாக ஈரம் இருக்க வேண்டும். கையை நம்ப முடியாதவர்கள் தராசை நம்பலாம். 1 கிலோ காய்ந்த வைக்கோல், சரியான ஈரத்தில் சுமார் இரண்டரை கிலோ நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வைக்கோல் உலரவே மாட்டேன் என்னும். அந்த மாதங்களில் தராசு இல்லாமல் நான் பை கட்டுவதில்லை.

இதற்குப் பயந்து மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதும் தவறே. வேகவைத்துச் சுத்தம் செய்த வைக்கோலில் தூசியும் பூசண வித்தும் மறுபடி படியும். ஈரம் குறைந்தால் இழை நூல் நூலாக மெலிந்து ஓடும். நிழலில், சுத்தமான விரிப்பில் ஆறவிட்டால் போதும்.

இழை பரவும் 15, 20 நாளில் பைக்குள் தண்ணீர் விடவே வேண்டாம். பிளாஸ்டிக்கின் உட்புறம் பூத்திருக்கும் சிறு துளிகளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

மொட்டு வந்த பிறகு வேண்டிய 80 முதல் 90 சதவீத ஈரம் காற்றில் இருக்க வேண்டியது. வைக்கோல் கணக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தரையில் மணல் பரப்பி நனையுங்கள், ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். ஆடிக் காற்று அடிக்கும்போது சாக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அடிக்கடி நனைக்க வேண்டும். மொட்டின்மேல் நேராகத் தண்ணீர் அடித்தால் மஞ்சளாகிப் பிசுபிசுத்து அழுகும்.

முதல் அறுவடை முடிந்ததும் பையைத் தூக்கிப் பாருங்கள், எடை குறைந்திருக்கும். காளான் தன் உடம்புக்கு எடுத்துக்கொண்ட தண்ணீர் அது. மேல்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டு, கைத்தெளிப்பானால் பனிபோலத் தெளித்து வாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த காளான் பறிக்கலாம்.